எரியட்டும் என்பதா?

"பாமரரை மயக்கிய பழைய புராணப் படங்களுக்குப் பாதுகாப்பு எதற்கு? அழிந்தால் அழியட்டுமே!" என்று படப்பையில் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேள்வியில் கனல் இருக்கிறது, நியாயம் இல்லை.

நடராச முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதுவும் இல்லை. அந்நாளைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். தீக்குத் தப்பியவற்றிலும் வெள்ளி எடுப்பதற்கென அழிக்கப்பட்டவை பல.

1964-ல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் எழுந்தது. அங்கே பி. கே. நாயர், உயர்ந்தது தாழ்ந்தது பாராமல் படங்களைத் திரட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே இப்பணியைச் செய்கிறது. நம் பல்கலைக்கழகங்களும் செய்யட்டும்!

காப்பாளன் நீதிபதி அல்லன், சான்றுகளின் காவலன். மடமையைச் சாடுகிறோம், சாட ஆதாரம் வேண்டாமா? சான்றை எரித்துவிட்டு வழக்கில் வெல்வது எப்படி? பிடிக்காததை எரிக்கலாம் என்று இன்று நாம் சொன்னால், நாளை 'பராசக்தி'யை எரிக்க ஒருவன் வருவான். 1952-லேயே அதற்குத் தடை கேட்டவர்கள் உண்டு. அவனைத் தடுக்க நமக்கு வாய் ஏது?

ஆகவே தோழரே, காப்போம், காத்து, கண்டிப்போம்!