பிறர் சொல்லைக் காக்கும் இடம்

2022-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறிய பிறகு, புதிய உடைமையாளரின் போக்குப் பிடிக்காத லட்சக்கணக்கான ஜனங்கள் மாஸ்டடான் என்னும் சமூக வலையமைப்பை நாடிப் போனார்கள். அதுவரையில் சில நூறு பேருக்காகத் தொண்டர்கள் நடத்திவந்த சிறு சர்வர்கள் பல, திடீரென்று வந்து குவிந்த கூட்டத்தின் பாரம் தாங்காமல் திணறின. ஜெர்மனியில் ஓய்கன் ரோக்கோ என்பவர் 2016-இல் தொடங்கிய இந்த மாஸ்டடானுக்குத் தனி முதலாளி கிடையாது. அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, ஒரு சர்வரில் நிறுவி, தம்மைச் சேர்ந்தவர்களுக்குத் திறந்துவிடலாம். அப்படித் திறக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையைக் கொண்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மனிதரின் அந்தரங்கத்தை விளம்பரத்துக்காக விற்கும் வியாபாரத்தில் வெறுப்புற்றவர்களுக்கு இது நல்ல புகலிடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் முதலாளி இல்லாத மென்பொருளும் யாரோ ஒரு முதலாளியின் இயந்திரத்தில்தான் ஓடியாக வேண்டும். அந்த முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஒரு சமூகத்தின் தலையில் விழும்போது, விஷயம் வாடகைக் கணக்கோடு நின்றுவிடாமல் தர்ம விசாரணையாகவே மாறிவிடுகிறது.

சோஷியல்.கூப் என்ற கூட்டுறவு 2017 முதல் இவ்வாறு ஒரு மாஸ்டடான் சர்வரை நடத்திவருகிறது. உறுப்பினர்கள் சந்தா செலுத்துகிறார்கள். வரவு செலவு எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. முக்கியமான காரியங்கள் வாக்கெடுப்பால் முடிவாகின்றன. இத்தகைய ஒரு கூட்டுறவு, தான் திரட்டிய சந்தாவை அமேஸானுக்கோ கூகிளுக்கோ மாதந்தோறும் வாடகையாகக் கட்டுமானால், ஒரு பெருமுதலாளியின் வாசலைவிட்டு வெளியேறியவர்கள் அவனிலும் பெரியவனுடைய வாசலில் போய் நின்றதாகத்தானே அர்த்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆயினும் அதை அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டே போனால் குற்றம் சொல்ல இடமில்லாத சர்வர் உலகத்தில் ஒன்றுகூட மிஞ்சாது என்பதும் மெய்.

அமேஸானும் கூகிளும் 2021-இல் இஸ்ரேல் அரசாங்கத்திடமிருந்து 120 கோடி டாலர் பெறுமான 'நிம்பஸ்' என்ற கணினிச் சேவை ஒப்பந்தத்தைப் பெற்றன. அதை எதிர்த்து அந்தக் கம்பெனிகளின் ஊழியர்களே பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அக்கம்பெனிகளுள் ஒன்றுக்கு மாதம் முப்பது நாற்பது டாலர் கட்டும் ஒரு சிறு குழு அந்த ஒப்பந்தத்தின் பாவத்தில் பங்காளியாகுமா? பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது மிக மெலிந்த பங்கு. குழு கட்டும் பணத்தால் ஒப்பந்தம் நடக்கவில்லை, குழு விலகிக்கொண்டால் அது நிற்கப் போவதுமில்லை. விலகுவதற்குரிய பலமான காரணம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு அணுவளவாகவும் தோன்றாத அந்த வாடகை, ஆம்ஸ்டர்டாமில் உள்ள கிரீன்ஹோஸ்ட், ஐஸ்லாந்தில் உள்ள 1984, அமெரிக்காவிலும் மெக்ஸிகோவிலும் உறுப்பினர்களைக் கொண்டு இயங்கும் மே ஃபர்ஸ்ட் போன்ற ஸ்தாபனங்களுக்கு ஜீவாதாரமாக அமைகிறது. கறை படியாதிருக்க வேண்டும் என்ற கவலையைவிட, நல்லது ஒன்று நிலைத்து நிற்க நம் காசு பயன்பட வேண்டும் என்ற ஆசையே இந்த விவகாரத்தில் நம்பத்தக்க வழிகாட்டி.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, உலகத் தரவு மையங்கள் 2024-இல் செலவிட்ட மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. உலகம் முழுவதும் செலவான மின்சாரத்தில் இது ஏறத்தாழ ஒன்றரைச் சதவீதம். 'நாங்கள் பசுமை மின்சாரத்திலேயே ஓடுகிறோம்' என்று சொல்லும் கம்பெனிகளுள், நீர்வீழ்ச்சியிலும் புவிவெப்பத்திலும் பிறக்கும் ஐஸ்லாந்து மின்சாரத்தை மெய்யாகவே எடுப்பவை சில. எங்கிருந்தோ சான்றிதழை மாத்திரம் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்பவை சில. எது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் சில ஆயிரம் பேருடைய சம்பாஷணையை நடத்தும் ஒரு சர்வரின் தர்மம் இதைக் கொண்டு நிச்சயமாகிவிடாது.

இடம் கொடுப்பவர் உலகத்துக்கு என்ன செய்கிறார் என்பதைவிட, நம்மை நம்பி வந்தவர்களுக்கு அவரால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கனமான கேள்வி. ஏனெனில் சர்வரை நடத்துபவர்கள் தங்கள் சொத்தை அங்கே வைக்கவில்லை; பிறருடைய கடிதங்களையும் ரகசியங்களையும் தர்மகர்த்தாக்களாக இருந்து காக்கிறார்கள். மாஸ்டடானில் இருவர் தனியாக அனுப்பிக்கொள்ளும் செய்திகள் அவர்கள் இருவர் மாத்திரமே வாசிக்கும்படி பூட்டப்பட்டவை அல்ல. டேட்டாபேஸ் எவர் கையில் கிடைக்கிறதோ அவர் அவற்றைத் தாராளமாக வாசிக்கலாம். 2023 மே மாதத்தில் அமெரிக்காவில், கொலெக்டிவா என்ற அராஜகவாதிகளின் மாஸ்டடான் சர்வரை நடத்தியவர்களுள் ஒருவருடைய வீட்டை எஃப்.பி.ஐ. சோதனையிட்டது. சோதனைக்குக் காரணமான விவகாரத்துக்கும் சர்வருக்கும் சம்பந்தம் இல்லை. ஆயினும் ஏதோ கோளாறைச் சரிசெய்வதற்காக அவர் அப்போதுதான் டேட்டாபேஸின் பிரதி ஒன்றைப் பூட்டாமல் வீட்டில் வைத்திருந்தார். எடுத்துச் சென்ற கருவிகளோடு அதுவும் போயிற்று. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் தனிச்செய்திகளும் அதில் இருந்தன. சர்வருக்கு இடம் கொடுத்த கம்பெனி இதில் ஒரு தவறும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: உத்தமமான கம்பெனியைத் தேடிப் பிடித்தவர்களும் தம் வீட்டு அலமாரியைக் கவனிக்காவிட்டால் தர்மகர்த்தாப் பொறுப்பில் தவறியவர்களே.

இதற்கு மறுபக்கமான சம்பவம் இத்தாலியில் நடந்தது. ஆட்டிஸ்டிச்சி-இன்வென்டாட்டி என்ற தொண்டர் குழு 2001 முதல் சமூக இயக்கங்களுக்கு மின்னஞ்சல் வசதி அளித்துவருகிறது. 2004-இல் காவல்துறையினர், ஒரே ஓர் அஞ்சல் பெட்டியைப் பற்றிய விசாரணையின் பேரில், சர்வருக்கு இடம் தந்த கம்பெனியின் ஒத்துழைப்போடு அதன் ரகசியச் சாவிகளைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி குழுவினரிடம் மின்சாரக் கோளாறு என்று சொல்லிவிட்டது. உண்மை தெரிய ஏறத்தாழ ஒரு வருஷம் ஆயிற்று. ஒருவரைத் தேடி வந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கானோரின் கடிதங்களைத் திறக்கும் வல்லமை கிடைத்ததைவிட, இடம் கொடுத்தவர் வாய்மூடி இருந்ததோடு பொய்யும் சொன்னதுதான் கொடுமை. நீதிமன்ற உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டிய நிர்ப்பந்தம் எந்தக் கம்பெனிக்கும் உண்டு. சட்டம் தடுக்காத வரையில் வாடிக்கையாளருக்கு அறிவிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தர மனமில்லாத கம்பெனியிடம் பிறருடைய அந்தரங்கத்தை ஒப்படைப்பது தகாது. அக்குழுவினர் அதற்குப் பின் தங்கள் அமைப்பையே மாற்றி, பல நாடுகளில் பல கம்பெனிகளிடம் சர்வர்களைப் பிரித்து வைத்தார்கள்.

எந்த நாடு என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. 2018-இல் அமெரிக்கா இயற்றிய 'கிளவுட்' சட்டத்தின்படி, ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் கைவசமுள்ள தகவலை, அது ஐரோப்பாவில் இருக்கும் இயந்திரத்தில் இருந்தாலும், அமெரிக்க உத்தரவு வந்தால் கொடுத்தாக வேண்டும். ஆகையால் ஃபிராங்க்ஃபர்ட்டில் சர்வர் இருக்கிறது என்பது போதாது, சர்வரின் சொந்தக்காரர் எந்தத் தேசத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2022 ஏப்ரலில் பிறந்த கட்டளை ஒன்று, தரவு மையங்களும் சர்வர் வாடகைக்கு விடுவோரும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றைத் தொடர்பு முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது.

இனி, நல்லவர்களையும் குழப்பும் ஒரு சங்கடம் இருக்கிறது. இடம் கொடுப்பவர் துவேஷத்தைப் பரப்புகிறவர்களுக்கு இடம் தரக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம்; எதிர்பார்ப்பதும் சரியே. 2017-இல் அமெரிக்காவின் கிளவுட்ஃப்ளேர் கம்பெனி ஒரு நாஜி ஆதரவுத் தளத்தைக் கைவிட்டபோதும், 2021 ஜனவரியில் அமேஸான் பார்லர் என்ற சமூக வலைத்தளத்தை வெளியேற்றியபோதும் நம்மில் பலர் ஆறுதல் அடைந்தோம். ஆனால் அதே அமேஸான், 2010 டிசம்பரில் ஒரு செனட்டரின் அலுவலகம் விசாரித்த மாத்திரத்தில் விக்கிலீக்ஸையும் வெளியே தள்ளியது. பிடிக்காத குடித்தனக்காரரை ஒரே இரவில் கிளப்பக்கூடிய வீட்டுக்காரர், நாளைக்கு நம்மையும் அவ்வாறே கிளப்பலாம். இதனால் எவரையும் வெளியேற்றாதவரே நல்ல வீட்டுக்காரர் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு பிழை. வன்முறைக்கு ஆள் திரட்டுபவனும், அவனால் துரத்தப்படுபவனும் ஒரே கூரையின்கீழ் சமமாக இருக்கட்டும் என்பது நடுநிலைமை ஆகாது. அது துரத்தப்படுகிறவனைக் கைவிடுவதே. தேட வேண்டியது, எதற்காக வெளியேற்றுவோம், எத்தனை நாள் அவகாசம் தருவோம், மறுமொழி சொல்ல என்ன வழி என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைத்து, எழுதியபடியே நடக்கும் ஸ்தாபனத்தைத்தான். நிபந்தனைகளின் கோடியில் 'எக்காரணத்தாலும், எப்போது வேண்டுமானாலும் சேவையை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற ஒரு வரி கிடந்தால், முகப்பில் எழுதிய லட்சியங்கள் அனைத்தையும் அந்த வரி விழுங்கிவிடும்.

சர்வரை நல்ல இடத்தில் வைத்துவிட்டதாக நிம்மதியடைபவர்கள் இன்னொன்றையும் கவனிப்பது நல்லது. மாஸ்டடான் சர்வர் மற்றச் சர்வர்களிலிருந்து வரும் படங்களையும் வீடியோக்களையும் தன்னிடம் பிரதியெடுத்துச் சேர்த்துக்கொண்டே போகும். அவ்வப்போது துடைக்காவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். அப்போது, படங்களை மாத்திரம் மலிவான ஒரு பெரிய கம்பெனியின் சேமிப்பகத்துக்கு மாற்றலாமே என்ற யோசனை எழும். அறிவிப்பு மின்னஞ்சல்களை அனுப்ப மற்றொரு கம்பெனி, தாக்குதலைத் தடுக்க வேறொன்று என்று சேர்ந்து, உறுப்பினர்கள் கேள்வியேபடாத மூன்று நான்கு பேர் அவர்களைப் பற்றிய தகவல்களை வைத்திருக்கும் நிலை வந்துவிடுகிறது. சர்வரின் டொமைன் பெயரும் அப்படிப் பிறர் கையில் இருப்பதுதான். ஆப்கானிஸ்தானின் '.ஏஎஃப்' டொமைனில் இயங்கிய, பாலினச் சிறுபான்மையினரின் மாஸ்டடான் சர்வர் ஒன்றின் பெயரை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு முடக்கியது. சர்வர் எவ்வளவு நல்லவர்களிடம் இருந்தும் அதனால் உதவி இல்லை.

செலவைப் பற்றிய தயக்கம் இயல்பானது. நல்ல கம்பெனி பெரும்பாலும் விலை கூடியது, வசதி குறைந்தது. நடுராத்திரியில் சர்வர் விழுந்தால் எழுப்புகிறவர் சம்பளம் வாங்காத தொண்டராகவே இருப்பார். அவருடைய தூக்கத்தைப் பலியிட்டுப் பெறும் தூய்மை தர்மமாகாது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் கம்பெனியின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் பேக்கப் இல்லாதவர்கள் பலர் தம் தகவல்களை நிரந்தரமாக இழந்தார்கள்; ஆகவே, வாடகையில் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணுகிற குழு, வேறோர் ஊரில் பூட்டிய பேக்கப் வைக்கும் செலவில் மாத்திரம் கை வைக்கலாகாது.

இவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் யார்? கூட்டுறவில் வாக்கெடுப்புத்தான் வழி என்று தோன்றும். பெரும்பாலான விஷயங்களுக்கு அது சரியே. ஆனால் ஒரு நாட்டின் சட்டத்தைக் கண்டு மெய்யாக அஞ்ச வேண்டியவர்கள், அகதிகளோ, நாடு கடத்தப்பட்டவர்களோ, தம் இயல்பை வீட்டாருக்கு மறைத்து வாழ்பவர்களோ, எப்போதும் சிறுபான்மையினர். மேலும் தாம் அஞ்சுவதற்குக் காரணத்தைப் பகிரங்கமான கூட்டத்தில் எடுத்துச் சொல்வதே அவர்களுக்கு ஆபத்தாகலாம். எனவே வாக்கெடுப்புக்கு முன்னால், எல்லோராலும் நம்பப்பட்ட இருவரோ மூவரோ தனியாகக் கேட்க வேண்டும். கேட்டதில் காரணத்தையும் பெயரையும் தம்மிடமே நிறுத்திக்கொண்டு, இன்ன நாட்டில் சர்வர் கூடாது என்ற முடிவை மாத்திரம் கூட்டத்தில் வைக்க வேண்டும். மற்ற உறுப்பினர்கள் அதைத் துருவிக் கேளாமல் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அதனால் ஏறும் வாடகையும் எல்லோருடைய சந்தாவிலிருந்தும் சமமாகப் போக வேண்டியது. அஞ்சுகிறவர் பெயரில் தனிக்கணக்கு எழுதலாகாது.