மேசைக்குப் பின்னால் ஒருவர்

என் சிறுகதையொன்று வெளிவந்த இரண்டாவது வாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் தண்ணி கலக்கி வைத்தார். கதையை அவர் மகள் கைப்பேசியில் வாசித்துக் காட்டிவிட்டாள் என்று எனக்கு முன்பே தெரியும். பெயரை மாற்றியிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தைச் செம்பனைத் தோட்டமாக்கியிருந்தேன். மாமா ஓடிப்போன வருடத்தைக்கூட ஐந்து வருடம் தள்ளி வைத்திருந்தேன். அதனாலெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

"நான் உன்கிட்டதான்டா சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?"

அவ்வளவுதான். பிறகு பேச்சு முறுக்கு மாவுக்குப் போய்விட்டது. அன்றிரவு தூக்கம் வராமல் நான் மறுபடியும் பார்த்த படம் 'ஸ்விம்மிங் டு கம்போடியா'. நடித்தவர், எழுதியவர், கதையின் நாயகன் எல்லாம் ஒரே ஆள்: ஸ்பால்டிங் கிரே. ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு நோட்டுப் புத்தகம், பின்னால் வரைபடம். கட்டம் போட்ட சட்டை. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் பேசுகிறார். நாமும் எழுந்திருக்க மாட்டோம்.

கிரே 1941இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். முறையாகப் பயின்ற மேடை நடிகர். 1970 வாக்கில் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஷெக்னரின் 'பெர்ஃபார்மன்ஸ் குரூப்'பில் சேர்கிறார். பழைய தொழிற்கூடம் ஒன்றையே அரங்கமாக்கி, நடிகனுக்கும் பார்வையாளனுக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்துப் பார்த்த குழு அது. சாம் ஷெப்பர்டின் 'த டூத் ஆஃப் கிரைம்' நாடகத்தில் கிரே முக்கியப் பாத்திரம். அதில் ஓரிடத்தில் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுமனே பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு அனுமதி இருந்தது. வேடம் இல்லாத அந்தச் சில நிமிடங்கள்தான் அவர் தலையெழுத்தை மாற்றின. வேடம் எதுக்கு, நானே போதாதா என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நான்' என்று ஒருவன் மேடையில் உட்கார்ந்தால் அவனோடு அப்பா, அம்மா, பாட்டி, காதலி எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை யாரும் ஒத்திகைக்குக் கூப்பிடவில்லை. கதாகாலட்சேபம் கேட்ட தலைமுறைக்கு ஓராள் அரங்கம் புதிதல்ல. என்ன, அங்கே பாகவதர் அரிச்சந்திரனின் மனைவியைப் பற்றிப் பேசுவார், தன் மனைவியைப் பற்றி அல்ல.

கிரேயின் அம்மா 1967இல் தற்கொலை செய்துகொண்டார். மகன் அப்போது மெக்சிகோவில். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பத்து வருடம் கழித்து, 1977இல், இயக்குநர் எலிசபெத் லகாம்ப்டுடன் சேர்ந்து அவர் 'ரம்ஸ்டிக் ரோட்' என்ற நாடகத்தை உருவாக்கினார். ரம்ஸ்டிக் ரோட் என்பது அவர்கள் குடும்பம் வாழ்ந்த தெரு. நாடகத்தின் எலும்பு ஒலிநாடாக்கள்: அப்பாவிடமும் பாட்டிகளிடமும் அம்மாவைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தவை. கூடவே இன்னொரு குரல், அம்மாவுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவருடையது. தொலைபேசியில் கிரே அவரிடம் பேசுகிறார். அந்த நோய் மகனுக்கும் வருமா என்பதுவரை பேச்சு போகிறது. பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியாது.

'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் விமர்சகர் மைக்கேல் ஃபெயின்கோல்ட் இதைக் கடுமையாகத் தாக்கினார். ஒரு மனிதரின் அந்தரங்கப் பேச்சை அவருக்குத் தெரியாமல் எடுத்து மேடையில் ஓட விடுவது கலை ஆகாது, நம்பிக்கைத் துரோகம் என்பதே அவர் கோபத்தின் சாரம். கிரேயும் லகாம்ப்டும் பதில் எழுதினார்கள்.

இந்த வழக்கில் நான் யார் பக்கம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் கிரே பக்கம்தான் நின்றேன். பெற்ற தாயின் சாவைப் பற்றிக் கேட்க மகனுக்கு உரிமையில்லையா? கேட்க உரிமை உண்டு, சரி. கேட்டதை டிக்கெட் போட்டு விற்க? மருத்துவர் பேசியது ஒரு மகனிடம். அரங்கில் கேட்டவர்கள் யாரும் அவருக்கு மகனில்லை. அத்தை சொன்னதும் இதைத்தான், ஒரே வரியில். ஃபெயின்கோல்டுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது.

ஆனால் இன்னொன்றையும் மறைக்க முடியாது. அந்த நாடாவை எடுத்துவிட்டால் நாடகம் ஒரு மகனின் புலம்பலாக மட்டும் மிஞ்சும். ஒரு பெண்ணின் துயரத்தை உலகம் எவ்வளவு நிதானமான குரலில் கையாண்டது என்பதை அந்த அசல் குரல்தான் காட்டும். நடிகர் ஒருவரைப் பேச வைத்திருக்கலாமே என்பார்கள். பேசியிருந்தால் நாம் நடிகரைப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். தவறான வழியில் கிடைத்த ஒன்று உண்மையாகவும் இருந்து தொலைக்கிறதே, அங்கேதான் எனக்குச் சிக்கல்.

1979இலிருந்து கிரே தனியாள். முதலில் எழுதி, பிறகு மனப்பாடம் செய்து பேசுகிற வழக்கம் அவருக்கில்லை. நோட்டுப் புத்தகத்தில் குறிச்சொற்கள் மட்டும் இருக்கும். கூட்டத்தின் முன் பேசுவார், பதிவு செய்வார், கேட்டுப் பார்ப்பார், மறுநாள் கொஞ்சம் மாற்றிப் பேசுவார். கூட்டம் சிரித்த இடம் அப்படியே நிற்கும், கொட்டாவி விட்ட இடம் உதிர்ந்துவிடும். 'நடந்ததை நடந்தபடி' சொல்கிறவர் என்று பெயரெடுத்த மனிதரின் நினைவை, உண்மையில், நூற்றுக்கணக்கான அந்நியர்கள் சேர்ந்து செதுக்கியிருக்கிறார்கள். முகநூலில் லைக் வாங்கிய பதிவை மறுபடி மறுபடி சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிடுகிறோமே, அதற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை.

நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். 'த கில்லிங் ஃபீல்ட்ஸ்' (1984) படத்தில் கிரேக்கு அமெரிக்க அதிகாரியாக ஒரு சின்ன வேடம். படப்பிடிப்பு தாய்லாந்தில். அந்த அனுபவத்திலிருந்துதான் 'ஸ்விம்மிங் டு கம்போடியா' பிறந்தது. கெமர் ரூஜ் ஆட்சியில், 1975க்கும் 1979க்கும் இடையில், ஏறத்தாழ 1.7 மில்லியன் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கதையைச் சொல்லும் மனிதர் புக்கெட் கடற்கரையில் தனக்கொரு 'பரிபூரணத் தருணம்' வாய்க்காதா என்று காத்துக்கொண்டிருக்கிறார். பாங்காக்கின் கேளிக்கை விடுதிகளும் வருகின்றன, தாய்ப் பெண்களும் வருகிறார்கள். அவர்களுக்குப் பேச்சு அநேகமாக இல்லை.

அதே படத்தில் நடித்த இன்னொருவர் ஹைங் நோர். நடிகரல்ல, கம்போடிய மகப்பேறு மருத்துவர். மருத்துவர் என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பதால், முகாமில் பிரசவ வேதனையில் கிடந்த மனைவிக்கு உதவ முடியாமல் அவர் சாவதைப் பார்த்தவர். துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதை 1985இல் பெற்றார். 1987இல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். கிரேயின் மேடைப் பேச்சு ஜோனதன் டெம்மியின் இயக்கத்தில் திரைப்படமாக வந்ததும் அதே ஆண்டுதான். நம்மில் எத்தனை பேர் நோரின் புத்தகத்தைத் தேடினோம்? நான் தேடவில்லை. கிரேயைப் பார்த்து நான்கு வருடம் கழித்துத்தான் நோர் யாரென்றே தெரிந்தது. இது கிரேயின் குற்றமா? தன் அறியாமையை அவர் ஒளிக்கவில்லை. அங்கே போகும்வரை எதுவும் தெரியாது என்று அவரே சொல்கிறார். ஆனால் ஒப்புக்கொண்ட அறியாமைக்கு ஒரு கவர்ச்சி உண்டு, கூட்டம் அதை மன்னித்துவிடும். செத்தவர்கள் மன்னித்தார்களா என்று கேட்க வழியில்லை.

கிரேயை ஆதரிப்பவர்கள் எப்போதும் எடுக்கும் வாதம் ஒன்று: அவர் முதலில் காட்டிக்கொடுப்பது தன்னைத்தானே. நிஜம்தான். 1996இல் வந்த 'இட்ஸ் எ ஸ்லிப்பரி ஸ்லோப்'பில், மனைவி இருக்கும்போதே வேறொரு பெண்ணுடன் உறவு, அதில் பிறந்த மகன், உடைந்த திருமணம் எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாகத் திருப்பாமல் சொல்கிறார். ஆனாலும் அவர் அசிங்கப்படும்போது அவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அந்த மனைவிக்கு என்ன கிடைத்தது? ஒருவன் தன் சட்டையைக் கழற்றிவிட்டான் என்பதற்காகப் பக்கத்தில் நிற்பவரின் சேலையைப் பிடித்து இழுக்க உரிமை வந்துவிடாது. இந்த இடத்தில் எனக்குக் குழப்பமே இல்லை.

2001இல் அயர்லாந்தில் நடந்த கார் விபத்தில் கிரேயின் இடுப்பும் மண்டையோடும் நொறுங்கின. ஆழ்ந்த மனச்சோர்வு. 2004 ஜனவரியில் காணாமல் போனார், மார்ச்சில் ஈஸ்ட் ஆற்றில் உடல் கிடைத்தது. அம்மாவைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசியவருக்குப் பேச்சு ஏன் மருந்தாகவில்லை என்று சிலர் எழுதினார்கள். மேடை மருத்துவமனை இல்லை. அவர் மரணத்தை அவர் கலைக்குக் கிடைத்த தீர்ப்பாக வாசிப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

2007இல் கிரேயின் எழுத்துகளிலிருந்து தொகுத்த ஒரு நாடகம் நியூயார்க்கில் மேடையேறியது. தொகுத்தவர்களில் ஒருவர் அவருடைய மனைவி கேத்தி ருசோ. கிரேயின் இடத்தில் பல நடிகர்கள் நின்று, அவருடைய வாழ்க்கையை 'நான்', 'நான்' என்று சொன்னார்கள். வேடமே வேண்டாம் என்று போனவர் கடைசியில் ஒரு வேடமாகிவிட்டார். அவரிடமும் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது.

போன மாதம் அத்தையை மறுபடி பார்த்தேன். என்னிடம் இன்னொரு கதை பாதியில் நிற்கிறது, அதிலும் அவர் இருக்கிறார். வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேலையை நிறுத்தாமல், "மாமா அதுல வராரா?" என்றார். வருகிறார் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப கண்ணாடிய எடுத்துட்டு வா. நானே படிச்சுக்கறேன்."