கம்பி இறக்க வந்தவரிடம் கல்லாச் சாவி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி வந்தால் குடோன் கேட்டைத் திறப்பார்கள். கம்பி இறக்குகிறவர் எத்தனை யோக்கியராக இருந்தாலும் கல்லாச் சாவியைக் கொடுப்பதில்லை. அவரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் நாம் தாராளப் பிரபுக்கள்.

தமிழக அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் தயாரிப்பு. அடிப்படை, டெபியன். அதில் ஒரு செஸ் விளையாட்டை நிறுவினால் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்ததும் 'ரூட்' என்கிற சர்வ அதிகாரம் கைமாறும். ஃபைல்களை உரிய இடத்தில் வைக்க அதிகாரம் வேண்டும்தான். ஆனால் டெபியன் பொட்டலத்துக்குள் ஒரு குட்டி ஸ்கிரிப்டும் வரலாம். வைக்கிற வேலை முடிந்தபின் அதுவும் ரூட்டாகவே ஓடும். செஸ் ஆட வந்தது, நினைத்தால் உங்கள் கடிதங்களைப் படிக்கலாம், அழிக்கலாம்.

'டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்துத்தானே ஏற்கிறோம்?' என்பார்கள். அனுப்பியது யார், வழியில் யாராவது பிரித்தார்களா என்பதைத்தான் கையெழுத்து சொல்லும். அனுப்பியவர் மனசைச் சொல்லாது. 2024 மார்ச்சில் அம்பலமான 'எக்ஸ்இசட்' விவகாரத்தில் கள்ளக்கதவு வைத்த ஆசாமி, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நல்ல பேர் வாங்கியவர்.

2009 நவம்பரில் ஃபெடோரா 12 வந்தபோது, மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரும் பாஸ்வேர்டு இல்லாமலே, கையெழுத்துள்ள பொட்டலங்களை நிறுவலாம் என்று வைத்திருந்தார்கள். ஏகப்பட்ட கூச்சல். சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். பலர் புழங்கும் மெஷினில் சொந்தக்காரரைக் கேட்காமல் எப்படி என்ற கோபம் நியாயம்தான். ஆனால் யார் நிறுவலாம் என்றுதான் சண்டை. வந்து இறங்குவது என்னென்ன செய்யலாம் என்பது அடிபட்டுப் போச்சு.

அதை யோசித்தவர்களும் உண்டு. நெதர்லாந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-ல் தொடங்கிய 'நிக்ஸ்' ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனி அறையில் வைக்கிறது. ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டே கிடையாது. அதனால் சாதாரண ஆள் நிறுவினாலும் பக்கத்து அறைக்குச் சேதமில்லை. ஆண்ட்ராய்டிலும் ஆப்புக்கு ஆப் தனி அறைதான்.

அதற்காக ஆண்ட்ராய்டைக் கும்பிட வேண்டாம். அங்கே கல்லாச் சாவி, விருந்தாளிக்கு மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும் கிடையாது. போனோடு கம்பெனி திணித்து அனுப்பிய ஆப் ஒன்றை நீக்கிப் பாருங்கள். பல போன்களில் 'அன்இன்ஸ்டால்' இருக்காது. 'டிஸேபிள்' வேண்டுமானால் இருக்கும்.