ஐநூற்று ஒன்றுக்கு எவ்வளவு?

துறையூர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்துவிட்டால், பரணில் கிடக்கும் பழைய மொய் நோட்டு கீழே இறங்கிவிடும். மூலையில் மஞ்சள் தடவிய முதல் பக்கம், பிள்ளையார் சுழி, பிறகு ஊர், பெயர், தொகை. "அவங்க நமக்கு என்ன எழுதியிருக்காங்க?" என்று விரல் வைத்துத் தேடுவார்கள். 1998இல் ஐநூற்று ஒன்று என்றிருக்கும். சிக்கல் அங்கேதான்.

அப்போது ஒரு கிராம் ஆபரணத் தங்கம் நானூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஐநூற்று ஒன்று எழுதியவர் ஒரு கிராமுக்கு மேலேயே எழுதியிருக்கிறார். இன்று அதே தொகையை எழுதினால் நோட்டில் கணக்கு நேர். நாம் உட்கார்ந்து சாப்பிட்ட இலைக்கே அது காணுமா என்பது சந்தேகம். கிராம் கணக்கில் திருப்பலாமென்றால் பலருக்குச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

தாய்மாமன் சீரில் கிராம் கணக்குதான். பெரிய அக்கா மகளுக்கு அரைப் பவுன் போட்டவர் சின்ன அக்கா மகளுக்கும் அரைப் பவுன் போடவேண்டும். விலை ஏறினால் அது மாமன் பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவள் கல்யாணத்தில் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போயிருக்கும். சின்னவள் கல்யாணத்தில் கிணறு வற்றிக் கிடக்கும். அத்தை தன் வளையலை அடகு வைத்துவிட்டு, வெறுங்கையோடு சீர்த்தட்டைத் தூக்கிவருவார்.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இதில் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. பெண் வீட்டார் தரும் பரிசு வழக்கத்தில் உள்ளதாக இருக்கவேண்டும், கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சக்கூடாது. 1985இல் வந்த விதிகள் பரிசு, தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாவற்றையும் பட்டியல் போடச் சொல்கின்றன. சர்க்காரே மொய் நோட்டு போடச் சொன்ன மாதிரிதான்! அப்படிப் பட்டியல் எழுதிய வீட்டை நான் பார்த்ததில்லை.

நோட்டை நானும் பார்ப்பேன். எவ்வளவு என்பதோடு, எந்த நிலைமையில் எழுதினார் என்றும் யோசிப்பேன். கூலிக்குப் போன காலத்தில் ஐம்பத்தொன்று எழுதியவர் வீட்டுக்கு ஆயிரத்தொன்று எழுதத் தயங்கமாட்டேன். வசதியோடு எழுதியவருக்குக் கொஞ்சம் கூட்டி நிறுத்திக்கொள்வேன். கூட்டாமல் அதே தொகையை எழுதினால், உறவை முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தமாகிவிடும்.

பெருமாள்மலைக் கோயிலில் தாலி கட்டினாலும் மண்டபம் பிடித்தாலும், கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொய்த் தொகையையும் மாமன் சீரின் எடையையும் மைக்கில் சொல்லாதீர்கள். பெயரை மட்டும் வாசியுங்கள்.