பெயர் பொறித்த இரும்பு

பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் பழைய ஸ்டோர்களுக்குள் போய் வந்தவர்கள் கவனித்திருக்கக்கூடும், அங்குள்ள இயந்திரங்கள் எல்லாம் பெயருடையவை. மார்ஷல், ஜாக்சன், டேவிட்சன், சிரோக்கோ என்று வார்ப்பிரும்பிலேயே எழுத்துப் புடைத்து நிற்கும். சிலவற்றில் பேட்டன்ட் என்ற சொல்லும் இருக்கும். அவ்வெழுத்துகளை வாசிக்க வாய்ப்பில்லாதிருந்த தொழிலாளர்கள் அதே சக்கரங்களுக்கு ரோதமுனி என்று தாங்களாக ஒரு பெயர் வைத்துப் பூசை போட்டார்கள். முதற்பெயர் உரிமையைச் சொல்வது, மற்றது அச்சத்தைச் சொல்வது. சக்கரத்தின் அருகே கையை வைத்து வேலை செய்தவர்களுக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

சிரோக்கோ என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல. கிழக்கைக் குறிக்கும் ஷர்க் என்ற அரபுச் சொல் மத்தியதரைக் கடலைக் கடந்து, சஹாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் இத்தாலியப் பெயராயிற்று. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 1864இல் இளைஞராக அஸ்ஸாமின் கச்சார் தோட்டங்களுக்கு வந்தவர். கரியடுப்பின் மேல் தேயிலையை வாட்டிய பழைய முறைக்குப் பதிலாக வெப்பக் காற்றால் உலர்த்தும் இயந்திரத்தைச் செய்து ஆக்கவுரிமை பெற்றார். 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ ஆலையைத் தொடங்கினார். பின்னர் அவர் வடிவமைத்த விசிறிகள் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போயின. பாலைவனக் காற்றின் பெயர் ஒரு கம்பெனியின் சொத்தாயிற்று.

இன்னொரு காற்றும் இருக்கிறது. ஹப்புத்தளை மலைச்சரிவுக்குக் கீழே, ஊவாவின் எல்லையை ஒட்டிச் சப்ரகமுவப் பக்கத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம். அது நிரம்புவதற்கு முன் அப்பகுதியை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய குன்றுகளில் 77 இரும்புலைத் தலங்களைக் கண்டறிந்தார். 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. துருத்தியில்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றை மட்டுமே நம்பி எரிந்த உலைகள். காற்று முன்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. சுவரின் அடியிலுள்ள களிமண் குழாய்கள் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. 1994இல் அதேபோல் ஓர் உலை கட்டி எரித்துப் பார்த்தார்கள். கரிமம் செறிந்த உருக்கே கிடைத்தது. 1996இல் நேச்சர் இதழில் அது வெளியானது. 9ஆம் நூற்றாண்டின் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய ரிஸாலாவில் ஸரந்தீப் உருக்கைத் தனியே குறிப்பிடுகிறார். அந்த உருக்கு இந்தக் குன்றுகளிலிருந்து போனது என்பது ஊகம்தான். ஆனால் காலம் பொருந்துகிறது.

இதைச் சொன்னதும் நண்பர்கள் சிலர் உடனே தீர்ப்பெழுதிவிடுவார்கள். நம்மவர்கள் அறிவைப் பொதுவில் வைத்தார்களாம், வெள்ளைக்காரன் வேலி போட்டானாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. சமனலவெவ உலைக்காரர்கள் தம் வித்தையைப் பொதுவில் வைத்ததற்குத் தடயமேதுமில்லை. எழுதி வைத்திருந்தால் ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் மண்ணைக் கிளறி அதை ஊகிக்க வேண்டியிருந்திராது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கம் போனபோது இரும்புருக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள், அவர்களும் துருத்திக்காரர்கள். காற்றை ஆண்டவர்களின் வித்தை அதற்கு நெடுங்காலம் முன்பே போய்விட்டிருந்தது.

பேட்டன்ட் என்ற சொல்லின் மூலப்பொருளே திறந்திருப்பது என்பதாகும். கண்டுபிடித்தவர் தன் முறையை மற்றவர் செய்துபார்க்கும் அளவுக்கு விளக்கி எழுதித்தர வேண்டும். பதிலாகச் சில காலம், நமது நாட்டில் 20 ஆண்டுகள், அரசு தனியுரிமை தருகிறது. பிறகு அது எல்லோருக்கும். இது நேர்மையான பேரம் என்றே நினைக்கிறேன். அறிவு கைப்பற்றக்கூடிய பொருளல்ல, எனவே விற்கவும் ஆகாது என்று வாதித்த உலமாக்கள் இருந்தார்கள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமையையும் கண்டுபிடித்தவரின் உரிமையையும் ஷரீஆ பாதுகாக்கும் உரிமைகளாக ஏற்றுக்கொண்டது. அதுவும் சரியாகவே படுகிறது. என்னை உறுத்துவது, அந்த வாசலுக்கு யாரால் நடந்து போக முடிகிறது என்பது.

சேலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்து, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத் தமிழகத்து உருக்குச் செய்முறையை அருகிருந்து படித்தவர். 1839இல் இங்கிலாந்தில், மங்கனீசுக் காபைட்டைச் சேர்த்து உருக்கின் தரத்தை உயர்த்தும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஷெஃபீல்டில் மங்கனீசு ஒட்சைட்டையும் கரியையும் தனித்தனியே மூசைக்குள் இட்டார்கள்; காபைட்டு உள்ளேயே உண்டாயிற்று. பத்திரத்தில் எழுதியிருந்தது காபைட்டு என்ற சொல் என்பதால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் இறந்துபோக, 1855இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்த்தது. படித்தவர், ஆங்கிலேயர், அலுவலகங்களில் புழங்கியவர். அவருக்கே ஒரு சொல்லில் கை நழுவிற்று.

வாப்பாவின் இரும்புக்கடைக்குத் திருகாணி வாங்க வரும் ஒரு தோட்டத்துப் பிட்டரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவருடைய ஸ்டோரில் உலர்த்தும் இயந்திரம் ஒரு பக்கத் தட்டுகளில் மட்டும் தூளைக் கருக்கிக்கொண்டிருந்தது. அவர் எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டை வெட்டி வளைத்து, வெப்பக்காற்று வரும் வழியில் மறிப்பாக வைத்துச் சரிசெய்தார். வளைவு சரிவருவதற்குள் நாலைந்து தகடு வீணாயிற்றாம். பிறகொரு நாள் இயந்திரம் பார்க்க வந்த ஒருவர் அதை அளந்து படம் வரைந்துகொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து அதே வளைவுள்ள தகடு பக்கத்துத் தோட்டத்துக்கு விலைக்கு வந்தது.

"காசு கேட்டிருக்கலாமே அண்ணே" என்றேன்.

"காசு கெடக்குது தம்பி. எங்க ஸ்டோர் அடுப்பு ஒரு பக்கமாத் தள்ளி இருக்கு, அதுக்குத்தான் அந்த வளைவு. அங்க அடுப்பு நடுவுல. அதே தகட்ட வச்சா மத்தப் பக்கம் கருகும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கருகத்தான் செய்ததாம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் செய்த கண்டுபிடிப்பின் உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்தருநருக்கே போகும். கண்டுபிடித்தவரின் பெயர் பத்திரத்தில் இடம்பெற வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் போடுவது இருக்கட்டும், அத்தனையையும் யார் உட்கார்ந்து எழுதுவது என்று கேட்டார். மலையகத்தைப் பற்றி நாம் எழுதியவற்றில் தொழிலாளியின் துயரம் நிறைய இருக்கிறது, அவருடைய மூளை குறைவாகவே இருக்கிறது. கொழுந்துக் கூடையைப் பாடாத கவிஞர் நம்மில் யார்? ரோலரின் அழுத்தத்தை எப்போது தளர்த்த வேண்டும் என்று இலையின் வாசத்திலேயே அறிகிறவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர் யார்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அந்தத் தகட்டின் வளைவுக்கே பதினொரு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் அடுப்புக்கு வரவில்லை.