கால்சட்டைக் கோவில்

ஒரு வேலையாகத் திருநெல்வேலி போயிருந்தேன். 'காருக்குறிச்சி வரைக்கும் காரை எடும் தம்பி, சட்டி பானை வாங்கணும்' என்றார் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பி.காம். முடித்துவிட்டு நான் வேலை தேடி அலைந்த நாட்களில் எனக்கு லெட்ஜர் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். இருபத்தைந்து வருடமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்கிறவர். ஆண்டவர் களிமண்ணை எடுத்து ஆதாமைப் பிசைந்த கதையைக் கையை உருட்டி உருட்டி அவர் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் 'ஃபூ' என்று ஊதுவார். முதல் வரிசைக் குழந்தைகள் சிலிர்த்துப் பின்னால் சாயும்.

பேட்டை தாண்டியதும்தான் விஷயத்துக்கு வந்தார். பானை ஒரு சாக்கு.

"என் மவ ஒரு பையனைச் சொல்லுதா."

"நல்லதுதானே அண்ணாச்சி. பையன் யாரு?"

"நம்ம சபைதான். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முறையா வாங்கின பையன். வேலையும் நல்ல வேலை. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பத்திரிகையில் சேர்ந்த புதிதில் என்னை மணமகள் தேவை விளம்பரங்களுக்குப் புரூஃப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். மதத்துக்கு ஒரு கமா, சாதிக்கு ஒரு கமா. கிறிஸ்தவ விளம்பரங்களிலும் இரண்டு கமாவும் உண்டு. ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது, விட்டால் விளம்பரம் கொடுத்தவர் சண்டைக்கு வந்துவிடுவார்.

"நீரு பேப்பர்ல எழுதுதவரு, ஒரு நியாயம் சொல்லும். ஆத்மாவுல சாதி கிடையாது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆண்டவர் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான். கல்யாணம்ங்கிறது உலக காரியம்லா?"

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அண்ணாச்சி சொன்ன கதையை அண்ணாச்சியைவிடக் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் மனிதன் உண்டானதை இரண்டு தடவை சொல்கிறது. முதல் அதிகாரத்தில் மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறான், ஆணும் பெண்ணுமாக. எந்த ராஜாவும் எந்தக் குருவும் அங்கே இல்லை. அந்தக் காலத்தில் பக்கத்து தேசங்களில் கடவுளின் சாயல் என்றால் அது அரசனுக்கு மட்டும் உண்டான பட்டம். அதை எடுத்து மனிதன் என்கிற எல்லாருக்கும் கொடுத்துவிட்டது ஆதியாகமம். இரண்டாம் அதிகாரத்தில் மண் வருகிறது. கடவுள் மண்ணால் உருவம் செய்கிறார், மூக்கில் சுவாசத்தை ஊதுகிறார், மனிதன் உயிரடைகிறான். ஆதாம் என்ற பேரிலேயே மண் வாடை உண்டு. எபிரேய மொழியில் 'அதாமா' என்றால் நிலம்.

கவனியுங்கள். அந்தக் கதையில் ஆத்மா எங்கேயோ ரெடியாக இருந்து, பிறகு ஓர் உடம்புக்குள் வாடகைக்கு வரவில்லை. முதலில் உடம்பு. கடவுள் கைவைத்துச் செய்தது அதைத்தான். மண்ணும் மூச்சும் சேர்ந்தது மனிதன். அதனால்தான் கிறிஸ்தவர்கள் விசுவாசப் பிரமாணத்தில், செத்த பிறகு ஆத்மா பிழைக்கும் என்பதோடு நிறுத்தாமல், சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிறார்கள். சட்டையைக் கழற்றிப் போடுகிற மாதிரி உடம்பைக் கழற்றிப் போடுகிற சமாச்சாரம் அதில் இல்லை.

டார்வின் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரும் இருக்கிறார். மனித உடம்பு பரிணாமத்தில் வந்ததா என்று ஆராயலாம், ஆத்மாவைக் கடவுள்தான் நேரடியாகப் படைக்கிறார் என்று 1950-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். பரிணாமம் வெறும் அனுமானத்துக்கும் மேலானது என்று 1996-ல் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். ஆனால் மனிதகுலத்துக்குப் பல ஆதாம்கள் என்பதை மட்டும் பயஸ் விடவில்லை. சபைக்கு அது பழைய தலைவலி. 1655-ல் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள் என்று புத்தகம் போட்டு, கைதாகி, சொன்னதைத் திரும்பப் பெற்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியவரில்லை. ஆனால் பிற்பாடு, கறுப்பர்கள் வேறு மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று வாதாடியவர்களுக்கு அந்த யோசனை கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே ஆதாம் என்பது விஞ்ஞானமாக நிற்காமல் போகலாம். நியாயமாக அது நின்ற இடங்கள் உண்டு. (ஒரே ஆதாமை ஒப்புக்கொண்டு, நோவாவின் பேரனுக்கு விழுந்த சாபத்தைக் காட்டி அடிமை வியாபாரத்தை நியாயப்படுத்தியவர்களும் உண்டு. மனுஷனுக்கு மனசு வைத்தால் எந்தப் புத்தகத்திலும் வழி கிடைக்கும்.)

சேரன்மகாதேவி வந்தது. 1920களில் இங்கேதான் வ.வே.சு. ஐயரின் குருகுலம் இருந்தது. தேசபக்தி போதித்த இடத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு என்று கிளம்பிய சண்டை தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. ஆகவே இது சர்ச்சுக்காரர்களின் வியாதி மட்டும் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதை நானூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டார்" என்றேன்.

1606-ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் டி நொபிலி. இத்தாலிப் பாதிரியார். காவி உடுத்தி, தமிழும் சம்ஸ்கிருதமும் கற்றவர். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கம், மதம் அல்ல என்பது அவர் வாதம். 1623-ல் போப் அதற்கு அனுமதியும் கொடுத்தார். அதாவது ஆத்மா ஒரு கணக்கு, உடம்பும் ஊரும் வேறு கணக்கு. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். சாதியை விடாமலே கிறிஸ்தவராகலாம் என்று வழி திறந்தது. அந்த வழி எங்கே போய் முடிந்தது என்று பார்க்க மதுரை வரை போக வேண்டாம். நம்ம ஜில்லா, ராதாபுரம் பக்கத்து வடக்கன்குளம் போதும்.

அங்கே 1872-ல் கட்டத் தொடங்கிய கோவிலுக்கு ஆராய்ச்சிப் புத்தகங்களில் 'டிரவுசர் சர்ச்' என்று பெயர். கால்சட்டையை விரித்துப் போட்ட மாதிரி இரண்டு நீள மண்டபங்கள். இடுப்பில் பீடம். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். நடுவில் சுவர். பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்துக்காரருக்கு அந்தப் பக்கத்துக்காரர் தெரியமாட்டார். பூசை ஒன்று, அப்பம் ஒன்று, பிரசங்கம் ஒன்று. ஆதாம் எல்லாருக்கும் தகப்பன் என்று சாமியார் சொன்னால் அதே நொடியில் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும்.

எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு விபரீத மரியாதை உண்டு. ஒளிவுமறைவு இல்லாதது. 'ஆத்மாவில் சமம்' என்பதை அப்படியே செங்கல்லும் சுண்ணாம்புமாக வரைந்து காட்டிவிட்டது. ஆத்மாக்கள் பீடத்தில் சந்தித்துக்கொள்ளலாம். உடம்புகள் சந்திக்கக் கூடாது. கடவுள் கையால் பிசைந்தது எதுவோ, அதற்குத்தான் சுவர்.

1910-ல் கௌசானல் அடிகள் காலத்தில் சுவரை இடித்தார்கள். பேசாமல் இருப்பார்களா? வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. மெட்ராஸ் ஹைகோர்ட் வரை போய்த் தோற்றது. சாதியைச் சொல்லிக் கோவிலுக்குள் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

"அது ஆர்.சி.காரங்க கதை தம்பி" என்றார் அண்ணாச்சி. "எங்க சபையில ஏது சுவரு?"

சுவர் இல்லை, வாஸ்தவம். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவிலை 1826-ல் கட்டிய ரேனியஸ் ஐயர், தன் செமினரிப் பையன்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அதில் வந்த எதிர்ப்பையும் பார்த்தவர். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய கலகமே நடந்தது. புதுசாக வந்த மிஷனரிகளின் அந்தக் கெடுபிடியை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். திருநெல்வேலியில் 1774-ல் பிறந்தவர். சாதாரண ஆள் இல்லை. அவர் கீர்த்தனைகளை இன்றைக்கும் எல்லாச் சபையிலும் பாடுகிறார்கள். அவ்வளவு பெரிய பக்திமானுக்கே பாட்டு ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்க்காலில் நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்.

"அதுதான்வே பாவ சுபாவம். ஆதாம் விழுந்தாம்லா? நாம எல்லாம் அந்த விழுந்த வம்சம். பலவீனம் இருக்கத்தான் செய்யும்."

கதையின் மறு பாதி இது. மனிதன் கடவுளின் சாயல். ஆனால் சறுக்கி விழுந்தவன். அந்தக் குற்றமே வம்சவழியாக எல்லாருக்கும் வருகிறது என்று அழுத்திச் சொன்னவர் அகஸ்டின், 354-ல் பிறந்த வட ஆப்பிரிக்கர். கிழக்கத்திய சபைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. சாவும் சபலமும்தான் ஆதாமின் சொத்து, அவன் குற்றம் அவனோடு என்பது அவர்கள் கட்சி. எது எப்படியோ, மனுஷனை ரொம்ப நல்லவன் என்றும் சொல்லாமல், ஒன்றுக்கும் உதவாதவன் என்றும் சொல்லாமல், இரண்டையும் ஒரே ஆளின் பேரில் எழுதி வைத்திருக்கிற இந்தப் பேலன்ஸ் ஷீட் எனக்குப் பிடிக்கும். நான் பார்த்த மனுஷர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், நான் உள்பட.

ஆனால் பி.காம். படித்தவனிடம் அண்ணாச்சி இந்தக் கணக்கைக் காட்டியிருக்கக் கூடாது.

"அண்ணாச்சி, வாராக்கடனுக்கு ஒதுக்கீடு போடுறது எதுக்குன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"நான்தான். ஏன்?"

"கடன் சிலது வராமப் போகும்னு தெரிஞ்சு ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம். ஆனா அதுக்காகக் கடன்காரன் வந்து, 'நான்தான் ஒதுக்கீட்டுல இருக்கேனே, எதுக்குக் கட்டணும்'னு கேட்டா?"

சிரித்துவிட்டார். ஆனால் பதில் சொல்லவில்லை. எனக்கும் பெரிய வெற்றியாகத் தோன்றவில்லை. என் வீட்டில் இதே கேள்வி வந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பாவ சுபாவம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்பதுதான் மிச்சம். அண்ணாச்சியை மடக்குவது சுலபம், ஏனென்றால் அவர் ஒரு பெரிய விஷயத்தை நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் முன்னால், குழந்தைகள் முன்னால், வருடக்கணக்காக. எதையும் நம்பாதவனை யாரும் எதை வைத்தும் மடக்க முடியாது. வடக்கன்குளத்தில் சுவர் எழுந்ததை வைத்து அந்த நம்பிக்கை பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்தச் சுவர் ஒரு சாதாரணச் சுவர். ஊரில் ஆயிரம் சுவர் இருந்தது. அந்த ஒன்று மட்டும் அசிங்கமாகத் தெரிந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் தினமும் வாசிக்கப்பட்ட புத்தகம்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினார். நட்டாலம் ஊர்க்காரர். மார்த்தாண்ட வர்மா அரண்மனை உத்தியோகஸ்தர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டவர். புதுப் பேர் தேவசகாயம். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாதி பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதும் அவர் மேல் கோபம் வரக் காரணம் என்று சபை சொல்கிறது. அப்படிப்பட்டவரை இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக எல்லாரும் எப்படிக் கூப்பிட்டார்கள்? தேவசகாயம் பிள்ளை. 2020-ல்தான் வாட்டிகன் அந்தப் 'பிள்ளை'யை எடுத்தது. 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது வெறும் தேவசகாயம். உயிரைக் கொடுத்தவருக்கே வால் உதிர இவ்வளவு காலம் ஆயிற்று.

காருக்குறிச்சி வந்துவிட்டோம். அண்ணாச்சி பானை பார்க்கிறவர் இல்லை, பானையோடு பேசுகிறவர். எடுப்பார், காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டுவார், கீழே வைப்பார். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். சக்கரத்தில் இருந்தவரிடம் மண் எந்தக் குளத்து மண் என்று விசாரித்தார். ஒரே குளத்து மண் சரிப்படாது சார், ரெண்டு மூணு இடத்து மண்ணைக் கலந்து, மணல் சேர்த்து மிதிச்சாத்தான் நிக்கும் என்றார் அவர். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டுமா என்ன?

மீன் குழம்புக்கு ஒரு சட்டி, தண்ணீருக்கு ஒரு பானை. திரும்பும்போது பானையை டிக்கியில் வைக்கவிடாமல் மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் பேச்சே இல்லை.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் வீட்டு ஆளுவ ஊசிக்கோபுரத்துக்கு ஆராதனைக்கு வாராவளாம்" என்றார் திடீரென்று. "மவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. அவங்க உக்காந்திருக்கிற பெஞ்சுல நானும் போய் உக்காரணுமாம்."

"உக்காருவீங்களா அண்ணாச்சி?"

பானையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டும்வே. முன்னால பள்ளம் கெடக்கு."