பிள்ளைகளைப் பத்திரத்தில் பிரிக்காதீர்கள்

கம்பம், சின்னமனூர், போடி பக்கத்து ஊர்ப் பெரியவர்களே, முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லை என்றால் சாவடியில் கூடி அத்துவிடுகிறீர்கள். போட்ட நகை எத்தனை பவுன், திருப்பித் தர வேண்டியது எவ்வளவு என்று பொழுது சாயும்வரை பேசுகிறீர்கள். பிள்ளைகள் பேச்சு கடைசியில்தான் வருகிறது. “ஆம்பளப் பிள்ள எங்க வம்சம், நாங்க வச்சுக்கிறோம். பொட்டப் பிள்ளைய அவ கூட்டிட்டுப் போகட்டும்.” உடனே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிறது. அதுவரை அக்கா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையனை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதில் அந்தப் பத்திரம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எல்லா மதத்தாருக்கும் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் இருக்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம் என்கிறது அது. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வயது நிறையாத பிள்ளை, ஆணோ பெண்ணோ, பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றமும் சில நேரம் உடன்பிறந்தவர்களைப் பிரித்து அனுப்புவதுண்டுதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எது நல்லது என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றலாம்.

“விடியுமுன்ன ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போறவ புள்ளைய எப்படிப் பாப்பா?” இந்தக் கேள்வியை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் மலையேறுவதே அந்தப் பிள்ளைக்குச் சோறு போடத்தானே! தகப்பன்மாரே, கேட்குமுன் மாதப் பணத்தை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?

தாய்மாரே, பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுக்காதீர்கள். ஜீவனாம்சத்துக்குத் தனியே மனுப் போடுங்கள். குடித்துவிட்டு அடிக்கிற ஆளென்றால், நீதிமன்றம் சொல்லும் இடத்தில், இன்னொருவர் முன்னிலையில் மட்டும் பார்க்கட்டும் என்று கேளுங்கள். போய்த் திரும்பிய பிள்ளையிடம் “அங்க என்ன பேசிக்கிட்டாக?” என்று இரண்டு வீட்டாரும் துருவ வேண்டாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் சாவடிக்கே திரும்ப வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்குப் போன் செய்யுங்கள். பெரியவர்களே, அடுத்த பஞ்சாயத்தில் அந்த எண்ணை நீங்களே அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.